என் மகள் யோசித்ததைப் பார்த்த நாள்

போன வருஷம், பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரம், தானா ராத்தா டவுனில் ஒரு சின்ன அறையில் நடந்தது இது. நான் மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து ஏற்றி ஃபேக்டரியில் இறக்குவது வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதிரே இருப்பவருக்கும் சேர்த்து நானே பேசி முடித்துவிடுவேன். என் மனைவி இதைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்களுக்கு ஒரே மகள். பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடும். ஆபரேஷன் ஆகும்வரை பிள்ளையை அழவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் மட்டுமில்லை, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருந்த அத்தனை வீடும் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டது. திருவிழாவில் எங்கள் வாசலைத் தாண்டும்வரை மேளம் அடிக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளை கையை நீட்டுவதற்கு முன்பே பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பிள்ளைக்குப் பத்து மாதமானபோது கோலாலம்பூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி அழட்டும், ஓடட்டும் என்றார்கள். ஆனால் லயத்துச் சட்டத்தை யாரும் எடுக்கவில்லை. ஒன்பது வயதாகியும் லயத்தில் அவளிடம் யாரும் ஒரு வேலை சொன்னதில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததும் இல்லை. யாராவது "பேரு என்னம்மா?" என்றால்கூட நான்தான் சொல்வேன்.

பள்ளியில் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பலகையில் இருப்பதைப் பாதி எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறாள், மூன்று வேலை சொன்னால் ஒன்றோடு நின்றுவிடுகிறாள், அடுத்த வருஷம் தனி வகுப்புக்கு மாற்றலாமா என்று யோசிக்க வேண்டும் என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. "டீச்சர், ஓட்டை இருந்தது இருதயத்துல. மூளையில இல்ல லா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வருஷச் செக்கப்பில் இருதய டாக்டரிடமும் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் சிலருக்குக் கவனத்திலும் ஞாபகத்திலும் யோசிக்கும் வேகத்திலும் சிரமம் இருக்கலாம், எல்லாருக்கும் இல்லை, சோதித்துத் தெரிந்துகொண்டால் உதவி செய்ய முடியும் என்றார். "அதுக்குத்தானே வருஷா வருஷம் படிப்பு எப்படின்னு கேக்கிறேன்" என்றார். ஆமாம், கேட்டார்தான். வருஷா வருஷம் "நல்லா படிக்கிறா டாக்டர்" என்று சொன்னவன் நான்.

சோதனைக்கு அனுப்பச் சொல்லி அவர் கொடுத்த கடிதம் இரண்டு மாதம் என் லோரியிலேயே கிடந்தது. என் பிள்ளைக்கு மக்கு என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயம். கடைசியில் அதை எடுத்துத் தேதி வாங்கியது என் மனைவி. சோதனை நாளில் அவளுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை இருந்ததால் மகளை நான் தானா ராத்தாவுக்குக் கூட்டிப் போனேன்.

சோதித்தவர் ஒரு சீனப் பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். மலாயில்தான் பேசினார். என் மகளுக்கு மலாய் திக்கும் என்பதால், கேள்வியைத் தமிழில் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். முதல் கேள்விக்கே நான் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். "பாப்பா, ஜாங்கான் தோலோங்" என்றார் அவர். பாப்பா என்றது என்னைத்தான்; அப்பா உதவக்கூடாதாம். இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மூன்றாவது தடவை என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். என் மகள் களுக்கென்று சிரித்தாள்.

சிவப்புக் கட்டையை எடு, பெட்டிக்குள் போடு, பிறகு ஜன்னலைத் தொடு என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். கட்டையை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிடிவாதமில்லை, சோம்பலும் இல்லை. மிச்சம் இரண்டும் அவளிடமிருந்து நழுவிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். டீச்சரிடம் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

அடுத்து நான்கு படங்களை மேசையில் கலைத்து வைத்தார். நான்கிலும் ஒரே சின்னப் பெண்; குடையோடு, மழையில், வீட்டு வாசலில். எது முதலில் நடந்தது, எது பிறகு என்று வரிசையாக அடுக்க வேண்டும். வாசலிலிருந்து கிளம்புவதுதான் முதல் படம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நாக்கு துறுதுறுத்தது. அவள் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோதித்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நான் உள்ளங்கையை நகத்தால் அழுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் முகத்தைக் கவனித்தேன். கண் ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் மறுபடியும் திரும்பியது. உதடு லேசாக அசைந்தது. நிறை பாரத்தோடு என் லோரி முதல் கியரில் ஏற்றம் ஏறுவதுபோல, மெல்ல, ஆனால் நிற்காமல் அவளுக்குள் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷத்தில் என் மகள் யோசிப்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்க நான் இடமே விட்டதில்லை.

ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். நான் நினைத்த வரிசை இல்லை; வாசல் படம் கடைசியில் இருந்தது. போச்சு என்று நினைத்தேன். ஏன் இப்படி என்று அந்தச் சீனப் பெண் கேட்கச் சொன்னார், கேட்டேன்.

மறுபடியும் படங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு படத்தில் விரல் வைத்தாள். "இந்தப் பிள்ளையோட சப்பாத்தப் பாருங்கப்பா. சேறா இருக்கு. அப்ப மழை வுட்டப்புறம்தான வீட்டுக்கு வருது."

குனிந்து பார்த்தேன். காலணியில் சேறு இருந்தது. நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் தப்பான பதிலைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அவள் சொன்னதை மலாயில் சொன்னேன்; அந்தச் சீனப் பெண் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு வந்த அறிக்கையில் இரண்டுமே இருந்தன. ஞாபகமும் வேகமும் குறைவு, விஷயத்தைப் புரிந்துகொள்வதில் குறையில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், எழுத அதிக நேரம் கொடுங்கள் என்று போட்டிருந்தது. அதை டீச்சரிடம் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். இந்த வருஷம் தனி வகுப்புக்குப் போகவில்லை, கூடப் படித்தவர்களோடுதான் இருக்கிறாள், முன் வரிசையில். சிரமம் போய்விடவில்லை. இன்னமும் பாதியில் நிற்கும் நாட்கள் உண்டு.

சோதனை முடிந்த அன்று அவளைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனேன். வழக்கம்போல ரொட்டி சானாய் சொல்லப் போனவன் நிறுத்திக்கொண்டு, "என்னம்மா வேணும்?" என்றேன். கடைக்காரர் அவசரப்பட்டார். கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். வெகுநேரம் கழித்து, பக்கத்து மேசையில் இருந்த வறுத்த நூடுல்ஸைக் காட்டி, "மீ கோரேங். எனக்கு ரொட்டி புடிக்காதுப்பா" என்றாள்.

ஆபரேஷனில் அவள் இருதயத்தைத் திறந்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். இப்போது ஒவ்வொரு தடவை கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருக்கும்போதும் அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறேன்.