பச்சை வயரும் ரப்பர் சிலிப்பரும்

துணி தேய்க்கும் அந்த அயனை என் கணவருடைய அக்கா சென்னைக்குப் போனபோது வாங்கிவந்தார். அதன் உருண்டை பிளக் இங்கே மலேசியாவின் சாக்கெட்டில் நுழையாது. என் கணவர் அதை வெட்டிப்போட்டுவிட்டு, பழைய ரேடியோவின் இரண்டு பின் பிளக்கை மாட்டினார். வயருக்குள் மூன்று நிறம். பழுப்பில் கரண்ட் வரும், நீலத்தில் திரும்பிப் போகும். பச்சை சும்மா கிடக்கும். அயனின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. இரண்டு பின்னில் பச்சைக்கு ஏது இடம்? ஒட்ட நறுக்கிவிட்டார். சாக்கெட்டின் உள்மூடி திறக்க மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி, கீழே பிளக்கைத் திணித்தார். இங்கே பாதி வீட்டில் இப்படித்தான் செய்கிறார்கள்.

"பச்சையை ஏங்க வெட்டினீங்க?"

"அது எக்ஸ்ட்ரா லா. ஸ்கூல் பாடத்தையெல்லாம் இங்க எடுக்காத."

நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பிரிக்பீல்ட்சிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வருகிறேன். இரும்பு உப்பில் ஒன்று வெளிர்பச்சை, காற்றுபட வைத்தால் பழுப்பேறும். காரத்தைச் சொட்டினால் ஒன்றில் அழுக்குப் பச்சை படியும், இன்னொன்றில் துருவின் நிறம். நிறத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்வதுதான் என் பிழைப்பு. வகுப்பே வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளும். வீட்டில் ஒரு வயரின் நிறத்துக்குக்கூட என் பேச்சு எடுபடவில்லை.

கொஞ்ச நாளில் அயன் கடிக்க ஆரம்பித்தது. கைப்பிடிக்குக் கீழே விரல் பட்டால் முழங்கை வரை சுருக்கென்று ஏறும்.

"சூடு பட்டிருக்கும்," என்றார் என் கணவர்.

சூடு எது, கரண்ட் எது என்று எனக்குத் தெரியாதாம்! மறுபடி சொன்னபோது, "அப்படின்னா சிலிப்பர் போட்டுக்கிட்டு அயன் பண்ணு," என்றார். போட்டுக்கொண்டேன். அயன் பலகை ஹாலில், சாமி மேடைக்கு எதிரே. மாமியார் பார்த்துவிட்டார்.

"சாமிக்கு முன்னாடி சிலிப்பரா? உங்க வீட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

சிலிப்பரைக் கழற்றி வாசலில் போட்டேன். போட்டால் மாமியார் திட்டுவார், போடாவிட்டால் அயன் கடிக்கும். தினமும் காலையில் வெறுங்காலோடு, விரலை மடக்கிக்கொண்டு என் கணவருடைய சட்டைகளைத் தேய்த்தேன். யாரிடம் சொல்ல?

ஒரு சனிக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரம். நான் அடுப்படியில் மாட்டிக்கொண்டதால், குளித்த ஈரம் காயாத காலோடு அவரே ஜிப்பாவை அயன் பண்ணப் போனார். ஐயோ என்று ஓர் அலறல். மெயின் சுவிட்ச் விழுந்து காற்றாடி நின்றது. நான் ஓடிவந்தபோது தரையில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தார், முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கரண்ட் அடிக்குதும்மா! டேஞ்சர் லா இது! யாரும் தொடாதீங்க!"

யாரும் தொடக்கூடாதாம். அதுவரை தொட்டவள் நான் ஒருத்திதான். நான் யாரிலும் சேர்த்தியில்லை போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே மூன்று பின் பிளக்கோடு புது அயன் வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க அவர் பலகை முன்னால் நின்றார். மாமியார் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அங்கே கிடந்த என் ரப்பர் சிலிப்பரைத் தன் கையாலேயே தூக்கிவந்து, சாமி மேடைக்கு முன்னால், மகன் காலடியில் வைத்தார்.

"போட்டுக்க ஐயா. சாமி ஒண்ணும் நெனைக்காது."