கழுவின ஸ்பிரேயரும் ஆற்று மீனும்

இன்று வல்லத்திலிருந்து செஞ்சிக்கு வந்த பஸ்ஸில், பக்கத்து சீட்டு விவசாயியின் மடியில் ஒரு பித்தளை ஸ்பிரேயர். புது ரக நெல்லுக்குப் பூச்சி மருந்தடிக்க மச்சானிடம் இரவல் வாங்கினாராம். திருப்பிக் கொடுக்கப் போகிறார்.

அது என் வேட்டியில் உரசியது. “கழுவிட்டீங்களா?” என்றேன்.

“இரவல் சாமானைக் கழுவாம குடுப்பாங்களா? காலையில ஆத்துல எறங்கி சுத்தமா கழுவிட்டுத்தான் வரேன்.”

“உங்க கிணத்தடியிலயே கழுவியிருக்கலாமே?”

“இன்னா சார் நீ! அது குடிக்கிற தண்ணி. மருந்து வெசமாச்சே.”

முன்சீட்டில் இருந்த மீன்காரம்மா அவர் பக்கம் திரும்பினார். “ஆத்து மீனு வேணுமா? இன்னிக்கு வலையே போடல. தானா மேல வந்து மெதந்துது. கூடையில அள்ளிக்கினு வந்துட்டேன்.”

நான் விவசாயியைப் பார்த்தேன். அவர் கூடையைப் பார்த்தார்.

“கெண்டையா?” என்று கேட்டு, மச்சான் வீட்டுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பஸ் ஏறும்போதே நானும் அந்த அம்மாவிடம் வாங்கியிருந்தேன். பை என் காலடியில் இருந்தது.

வீட்டுக்கு வந்து பையைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். குழம்பு கொதிக்கும்போதுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அதுக்கு இன்னா? மஞ்சள் போட்டு நல்லா கழுவித்தான் வச்சிருக்கேன்” என்றாள்.

ஸ்பிரேயரைக் கழுவியாயிற்று. மீனைக் கழுவியாயிற்று. இலை போட்டிருக்கிறாள், வாசனையும் நன்றாகவே இருக்கிறது. இனி நான் கை கழுவிவிட்டு உட்கார வேண்டியதுதான் பாக்கி.

நீங்களாக இருந்தால் உட்காருவீர்களா?