விடை ஒன்பது மட்டும்

“அது இல்ல, அவரு. எக்ஸ் யாருன்னு நமக்கு இன்னும் தெரியாதுல்ல? தெரியாதவங்கள மரியாதையாத்தான் பேசணும்” என்று திருத்திவிட்டு, கண்ணாடிக்கா அடுத்த வரியை எழுதுகிறாள். நான்காவது வரியில் எக்ஸ் என்பது ஏழு என்று வந்ததும், “இப்பத் தெரிஞ்சவராயிட்டாரு. இனிமே வாடா போடான்னு கூப்பிட்டுக்கலாம்” என்கிறாள். மீசை அரும்பிய பையன்கள்கூட “வாடா ஏழு” என்று முனகிக்கொண்டே நோட்டில் விடையைச் சுற்றிக் கட்டம் போடுகிறார்கள்.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவாள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான், அவள் கண்ணாடி போடுவதில்லை. கடைக்குப் போகும் முன் ஒரு டியூஷன், வந்த பின் ஒரு டியூஷன். அவளுடைய அக்கா வீட்டின் முன்னறைதான் வகுப்பு. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளினால் பள்ளிக்கூடம், இழுத்துப் போட்டால் வீடு. “என் தட்டுக்குப் பக்கத்துல தெனமும் யாராச்சும் ஒரு மைனஸ எழுதி வச்சிட்டுப் போறாங்க” என்று அத்தான் அலுத்துக்கொள்வார். “குறுக்க ஒரு கோடு போடுங்க அத்தான், பிளஸ் ஆயிடும்” என்பாள் இவள்.

கடை வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள். பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறவர்களைக் கண்டுபிடித்து, இதுவரை பதினோரு பேரைக் கண் டாக்டரிடம் துரத்தியிருக்கிறாள். “உனக்கு அல்ஜீப்ரா வராம இல்லடா. அல்ஜீப்ரா உன் கண்ணுக்கே தெரியல.”

கடைசி வரிசைப் பெண்ணையும் கண்ணை வைத்துத்தான் பிடித்தாள். வாயைத் திறக்காத பெண். தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயத்தில் பரீட்சைத் தாளை வெள்ளையாகவே கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். ஆனால் பலகையில் மூன்றாவது வரி எழுதப்படும்போதே அவள் கண், நான்காவது வரி வரப்போகிற இடத்தில் போய்க் காத்திருக்கும்.

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் வந்து வாசலிலேயே நின்றார். “ரெண்டு தடவ ஃபெயில் ஆயிட்டா டீச்சர். கணக்கு இல்லாத குரூப்புக்கு மாத்தணும்னா வியாழக்கிழமைக்குள்ள ஃபாரம் குடுக்கணுமாம். வேணாம்னு ஒரே அழுகை. இவளுக்குக் கணக்கு வராதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா, நானும் மனசத் தேத்திக்குவேன்.”

“புதன்கிழம வரைக்கும் பொறுங்க சார். லிஃப்ட் மேல வந்து நின்னுடுச்சு, கதவுதான் தெறக்கல. உங்களுக்குத் தெரியாததா?”

அவர் சிரிக்கவில்லை. “அடைச்சுக்கிட்ட கதவ நான் கம்பி விட்டுத் தெறப்பேன். இவள என்ன பண்ண?”

புதன்கிழமை மாலை வர்க்கமூலக் கணக்கு. எக்ஸோடு ஏழைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், எக்ஸிலிருந்து ஐந்தைக் கழித்ததற்குச் சமம். எக்ஸ் யார்? அன்று கடையில் கூட்டம் அதிகம். வந்த களைப்போடு கண்ணாடிக்கா கடகடவென்று எழுதினாள். இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தி, சுருக்கி, பிரித்து, ஒன்பது, இரண்டு என்று இரண்டு விடைகளுக்கும் அடிக்கோடு போட்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசி வரிசையில் நின்றாள். அங்கே ஒன்பது மட்டும் இருந்தது. “இன்னொருத்தர எங்க விட்ட?” என்று கேட்டு, தன் சிவப்புப் பேனாவால் அவளுடைய நோட்டில் தானே இரண்டு என்று எழுதிவிட்டு நகர்ந்தாள்.

பின்னாலிருந்து பேனா கிறீச்சிடும் சத்தம். திரும்பினால், சிவப்பு இரண்டின் மேல் நீலத்தில் ஒரு கோடு.

“ரெண்டு வராதுக்கா” என்றாள் அந்தப் பெண், நோட்டைப் பார்த்தபடியே. “போட்டுப் பாருங்க. ஒரு பக்கம் மூணு வருது. இன்னொரு பக்கம் மைனஸ் மூணு.”

கண்ணாடிக்கா பலகையில் போட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மைனஸ் மூன்று. வர்க்கப்படுத்தும்போது மைனஸ் மறைந்துபோகிறது. அந்த இடைவெளியில் ஒரு போலி விடை உள்ளே நுழைந்துவிடும். கிடைத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்துத்தான் அதை வெளியேற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் இது.

“மாட்டிக்கிட்டீங்களா?” என்றது முன்வரிசை.

“காலையில பதினாலு பேருக்கு இதே கணக்க இதே மாதிரி போட்டுக் குடுத்துட்டேன்” என்றாள் கண்ணாடிக்கா. “நாளன்னைக்குப் பரீட்சை. உங்களையும் சேத்து இருவத்தஞ்சு பேரு என்னை நம்பித் தப்பா எழுதியிருப்பீங்க.” கடைசி வரிசைக்குப் போய் அந்தப் பெண்ணின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். “ரொம்ப தேங்க்ஸ்மா. உன் எடத்துல நான் இருந்திருந்தா, டீச்சர் எழுதினது மேல கோடு போட்டிருப்பேனான்னு தெரியல.”

அப்போது லிஃப்ட் மெக்கானிக் வந்தார். கையில் மடிக்காத படிவம். “நாளைக்குக் கடைசி நாள் டீச்சர். அந்த ஒரு வார்த்த…”

கண்ணாடிக்கா காலைக் குழுவின் முதல் பையனுக்குப் போன் போட்டாள். “டேய், அக்கா ஒரு தப்பு பண்ணிட்டேன். நல்லவேள, இங்க ஒருத்தி பிடிச்சிட்டா. அவளே சொல்லுவா, கேட்டு எழுதிக்க.” போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு போனை வாங்கினாள். “ரெண்டு பக்கமும் வர்க்கம் பண்றோம்ல… அப்பதான் இது உள்ள வந்துடுது…”

“சத்தமா சொல்லு, கேக்கல” என்றது போன்.

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மெக்கானிக் படிவத்தை நாலாக மடித்து ஸ்பானர் பைக்குள் திணித்தார். கண்ணாடிக்கா சத்தமில்லாமல் எழுந்து போய், கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.