ஹீட்டர் வைத்த கார்

போன வாரம் மகளின் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தோம். முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் பிசுபிசுவென்று ஆவி படிகிறது, கால் வைக்கிற இடத்தில் விரிப்பு ஈரமாகவே இருக்கிறது என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். என்னதான் ஆயிற்று என்று பார்க்கப் போனேன். டேஷ்போர்டு முழுவதையும் கழற்றித் தரையில் பரப்பியிருந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தலைப் பிரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. பக்கத்தில் போனதும் ஒரு வாடை, கருகின பாகு மாதிரி, இனிப்பாக மூக்கில் ஏறியது.

மெக்கானிக் கையில் ஸ்லேட்டு அகலத்தில் ஒரு சின்ன ரேடியேட்டர். "ஹீட்டர் கோர்ல ஓட்டை விழுந்துருச்சுங்கய்யா. கூலண்டு காருக்குள்ள ஒழுகுது. போடி வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குங்க? அதுக்குப் போற ரெண்டு ரப்பர் குழாயையும் ஒண்ணாச் சேத்து விட்ரவா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். கிழவனுக்கு மயக்கம் என்று நினைத்து அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். மயக்கமெல்லாம் இல்லை. இதே பேச்சை, எழுத்துக்கு எழுத்து, நானே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். எழுபதுகளின் நடுவில், இதே போடி ஊரில்.

அப்போது நான் ஏலக்காய் வியாபாரி ராவுத்தர் ஒருவரிடம் ஜீப் டிரைவர். போடிமெட்டுக்கு மேலே அவருக்குத் தோட்டம் இருந்தது. கீழே போடியில் பெரிய வீடு; வீட்டின் பின்கட்டே ஏலக்காய்க் குடோன். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் புடைத்துத் தரம் பிரிப்பார்கள். என் ஆத்தாவும் அதில் ஒருத்தி. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அதை ஒரு நாளைக்கு மூன்று தரமாவது சொல்லிக்காட்டுவாள்.

ராவுத்தரின் மனைவியை நாங்கள் ராவுத்தரம்மா என்போம். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணமான புதிதில் புருசனும் பெண்டாட்டியுமாக மலையில் குடிசை போட்டு, அந்தத் தோட்டத்தின் முதல் செடிகளை நட்டவர்கள். வியாபாரம் பெருகிக் கீழே வந்து வீடு கட்டினார்கள். வந்த இடத்தில் அம்மாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு விட்டால் உள்ளே பூனைக்குட்டி கத்துகிற சத்தம். "மலைக் குளிர்ல கெடந்ததால வந்த நோக்காடு, இனி மேல ஏறவே கூடாது" என்று வைத்தியர் ஒருவர் சொல்லிவிட்டார். பதினோரு வருடமாக அந்த அம்மா தோட்டத்தைப் பார்க்கவில்லை. நான் ஜீப்பை எடுக்கும்போதெல்லாம் ஜன்னலில் நின்று, "ஓடைக்கரைச் செடி காச்சிருக்கா அப்பு?" என்று கேட்பார்கள். "காச்சிருக்கும்மா" என்பேன். எந்த ஓடை, எந்தச் செடி என்று எனக்கு எங்கே தெரியும்?

இந்த நிலைமையில்தான் அந்தக் கார் வந்தது. மேலே இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பினார். அவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: கரும்பச்சை, நீட்டு மூக்கு, இரண்டே சீட்டு, தலைக்கு மேல் கித்தான் கூரை. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். அதை ராவுத்தர் விலைக்கு வாங்கிவிட்டார். ஊரே சிரித்தது. "மொதலாளிக்கு இந்த வயசுல மாப்ள முறுக்கு" என்று டீக்கடையில் பேசினார்கள். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. ஏன் வாங்கினார் என்றால், அதில் ஹீட்டர் இருந்தது. ஒரு குமிழைத் தள்ளினால் காலடியில் சூடான காற்று வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு அம்மாவைச் சூட்டோடு சூடாக மேலே கொண்டுபோய்த் தோட்டத்தைக் காட்டிவிட்டுக் கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான் மனிதரின் திட்டம்.

ஓட்டுவது நான். இரண்டே சீட்டு என்பதால், வேறொரு டிரைவரை வைத்து ராவுத்தர் பின்னால் ஜீப்பில் வருவது என்று ஏற்பாடு. ஆனால் ராவுத்தரம்மா, "ஊரு சிரிக்கும், நான் மாட்டேன்" என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள்.

அந்த மாதங்களில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதீர்கள். வண்டி வந்த அன்றைக்கே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது. துரை வண்டியைக் கவனிக்கவே இல்லை, தண்ணீர் பாசி பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டேன். நன்றாக அலசி, எங்கள் தெருக் கிணற்று உப்புத் தண்ணீரைச் சுத்தமாக ஊற்றினேன். ரேடியேட்டரில் ஊற்ற அப்படிப் பச்சை நிறத்தில் கூலண்டு என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. என் சாமர்த்தியத்தை மெச்சி ராவுத்தர் ஒரு சட்டைத்துணி வேறு எடுத்துக் கொடுத்தார். அந்த உப்புத் தண்ணீர் உள்ளே உட்கார்ந்து ஹீட்டரை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கார்த்திகையில் அம்மா ஒருவழியாகச் சம்மதித்தார்கள். முதல் நாள் சாயங்காலம் காரைத் துடைக்கப் போனால், காலடி விரிப்பு சொதசொதவென்று நனைந்திருந்தது. கை விட்டுப் பார்த்தேன். ஹீட்டர் பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஓடிப்போய் ராவுத்தரிடம் சொன்னேன்.

"ரெண்டு ரப்பர் குழாயையும் ஒண்ணாச் சேத்துக் கட்டிட்டா ஒழுகாது மொதலாளி. ஹீட்டர் மட்டும் வேலை செய்யாது. போடியில நமக்கு ஹீட்டர் எதுக்கு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஹீட்டர் இல்லேன்னா இந்தக் காரே எதுக்குடா? பதினோரு வருசங் கழிச்சு இப்பத்தான் சரின்னு சொல்லியிருக்கா. நாளைக்குப் போகலேன்னா இனி அவ வரமாட்டா" என்றார்.

ஜீப் ரேடியேட்டர் ஒழுகினால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. ஒரு கை மஞ்சள்தூளை உள்ளே போடுவது. தூள் ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். நேராகக் குடோனுக்குப் போய் ஆத்தாவிடம் கேட்டேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு காய் புடைத்துக்கொண்டிருந்தாள். இருமி முடித்துவிட்டு, "எந்தக் கோயில் சாமிக்குடா மஞ்சள்?" என்றாள். விசயத்தைச் சொன்னேன். ராவுத்தரம்மா மேலே போகப்போகிறார் என்றதும் அவளுக்கும் சந்தோசம். வீட்டில் இடித்து வைத்திருந்த மஞ்சள்தூளை டப்பாவோடு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஜீப்புக்கு ஒரு கை என்றால் சீமைக் காருக்கு மூன்று கையாவது வேண்டாமா? போட்டேன். காலையில் பார்த்தால் விரிப்பில் சொட்டு ஈரம் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ராவுத்தரம்மா கம்பளி போர்த்திக்கொண்டு வந்தார்கள். உள்ளே விரித்திருந்த சிவப்பு விரிப்பைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு ஏறினார்கள். புது வண்டிக்குள் செருப்புக் காலோடு ஏற எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. நானும் வெறுங்காலோடுதான் ஓட்டினேன்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் குமிழைத் தள்ளினேன். வெதுவெதுவென்று காற்று வந்தது. "சோறு வடிக்கிற அடுப்புப் பக்கம் உக்காந்த மாதிரி இருக்குடா" என்று அம்மா சிரித்தார்கள். நாலைந்து வளைவு ஏறியதும் காற்று ஆறிப்போய்விட்டது. குமிழை முழுக்கத் தள்ளிப் பார்த்தேன்; சில்லென்று வந்தது. மஞ்சள் உள்ளே மயிரிழைக் குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் பார்த்தது, சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டி நின்றதை மட்டும்தான். பிரேக்கில் கால் வைத்தேன்.

டமார் என்று ஒரு சத்தம். காருக்குள் மஞ்சள் புகை. என் கையே எனக்குத் தெரியவில்லை. "அல்லாவே, என் காலு!" என்று அம்மா அலறினார்கள். ஹீட்டர் வெடித்துக் கொதிக்கிற மஞ்சள் தண்ணீர் அந்த வெறுங்கால் மேல் கொட்டியிருக்கிறது. நான் இறங்கிச் சுற்றி ஓடி, கதவைத் திறந்து, முதலாளியம்மா என்றுகூடப் பாராமல் இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிப் பாறையோரம் உட்கார வைத்தேன். வலது கால் கணுக்கால் வரைக்கும் மஞ்சளாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் எழும்பியது.

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ராவுத்தர் குதித்தார். "என்னடா செஞ்ச? என்னடா செஞ்ச?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார். ஜீப்பைக் கீழே திருப்பச் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மேல போகச் சொல்லுங்க."

"காலு வெந்து கெடக்கு. குளிருல மூச்சு நின்னு போகும்டி."

"நின்னா அங்க நிக்கட்டும். கீழ எறங்குனேன்னா இனி ஒங்க காருல ஏறமாட்டேன். வெரசாப் போங்க."

திறந்த ஜீப்பில், மூடுபனிக்குள், ஈரத்துணி சுற்றின காலோடு அந்த அம்மாவைக் கொண்டுபோனோம். காற்று முகத்தில் அறைந்தது. இந்த வளைவில் இளைப்பு வரும், அடுத்த வளைவில் வரும் என்று ராவுத்தர் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெட்டு ஏறி முடித்துவிட்டோம். பூனைக்குட்டி கத்தவே இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மலையாளத்துக் கம்பவுண்டர் ஒருவர் காலுக்கு மருந்து போட்டார். ராவுத்தர் கெஞ்சியதால் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்த்தார். "நெஞ்சில் ஒண்ணும் இல்லல்லோ. நல்ல மூச்சாணு" என்றார். அப்புறம், "கீழ வீட்டுல தூசி உண்டோ?" என்று கேட்டார்.

ராவுத்தர் அங்கிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "உண்டு. வீட்டுக்குப் பின்னாடியே நம்ம குடோன்" என்றார். பதினோரு வருடமாகக் குளிர் படாமல் ஜன்னலை அடைத்து அடைத்துக் காப்பாற்றியவர். அந்த மனிதரின் முகத்தை அன்று பார்க்கச் சகிக்கவில்லை. யாரோ ஓங்கி அறைந்தது போல் இருந்தது.

ராவுத்தரம்மா கீழே வரவே இல்லை. இரண்டு நாள் கழித்து நடக்க முடிந்ததும் கம்பு ஊன்றி ஓடைக்கரைக்குப் போய், "செத்த செடியக் காச்சிருக்குன்னு சொன்னியாடா, பொய்க்காரப் பயலே" என்று என்னைத் திட்டினார்கள். அங்கேயே வீட்டைச் செப்பனிட்டு இருந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ராவுத்தரை நான் மேலே கொண்டுபோய் விடுவேன். எனக்கு வேலையும் போகவில்லை. "இவன் காலச் சுட்டான், மூச்சக் குடுத்தான்" என்று அம்மாவே பரிந்து பேசினார்கள்.

அந்தக் காரைக் கயிறு கட்டி இறக்கிக் குடோன் முற்றத்தில் நிறுத்தினோம். அதற்குள் கோழி அடைந்தது, கடைசியில் பழைய இரும்புக்குப் போயிற்று. ராவுத்தரும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. குடோன் இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். இந்தக் கதையை இத்தனை வருடமாகக் கல்யாண வீடுகளில் மஞ்சள்தூள் தமாஷாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

போன வாரம் அந்த டயர் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் கதையின் மிச்சம் எனக்கு உறைத்தது. கம்பவுண்டர் தூசியைப் பற்றிக் கேட்டபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு காதாலும் கேட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வர நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மகராசி, இனியாவது நல்லா மூச்சு விடட்டும்" என்றாள். அவளுடைய இருமலை நாங்கள் பனி என்றோம், வெற்றிலைக் காறல் என்றோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அதே குடோன் வாசலில் இறக்கிவிட்டேன். அதன் பிறகும் ஒன்பது வருடம், அவளுக்கு மூச்சு இருந்த வரைக்கும், நான்தான் இறக்கிவிட்டேன்.