தடைமலைக் குளத்தில் பெயர் கேட்டவள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பது நான்தான், அதனால் நீங்கள் இப்போது சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. நான் தோட்ட வடிவமைப்பு படிக்கிறேன். எங்கே போனாலும் படி எத்தனை, வாய்க்கால் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கிற ஆள். ஆனால் இது நடந்தது, அதுவும் பட்டப்பகல் மூன்று மணிக்கு.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எங்கள் மாடியிலேயே இருப்பவர் ரஹ்மத் அக்கா. போன வருடம் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டியது, குழந்தை ஐந்தாம் நாளே போய்விட்டது. அக்கா அழவே இல்லை. சமைப்பார், துணி மடிப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். அவர் கணவர் ஒருநாள் லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தி, "நீதான் பூங்கா பூங்கான்னு அலையிறியே தீபா, அவளையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போயேன்மா. பாக்கப் பயமா இருக்கு" என்றார்.

ஃபோர்ட் கேனிங் குன்றுக்குக் கூட்டிப் போனேன். மலாய் ராஜாக்களின் அரண்மனை இருந்த இடம் அது. அனுமதியில்லாமல் யாரும் ஏறக் கூடாது என்பதால் தடைமலை என்றே பெயர். அவர்களுடைய தோட்டம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது ஒன்றை அங்கே அமைத்திருக்கிறார்கள்: ஒரு கோபுரத்தை நடுவில் பிளந்து இரு பக்கமும் நகர்த்தி வைத்தது போல வாசல், உள்ளே குளம். பழைய தோட்டத்தின் வரைபடம் யாரிடமும் இல்லை, எல்லாம் ஜாவாக் கோயில் சிற்பங்களைப் பார்த்து ஊகித்ததுதான் என்றெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போக, அக்கா, "நீ கொஞ்சம் தண்ணி குடி லா" என்றார்.

அன்று சுத்தம் செய்வதற்காகக் குளத்தை வற்ற வைத்திருந்தார்கள். வெறும் காய்ந்த கல். அக்கா விளிம்பில் உட்கார்ந்தார், நான் வாசலை வரையப் போனேன். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தால் அக்காவின் முகம், தலைத்துணி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. மழை இல்லை, பக்கத்தில் குழாயும் இல்லை. அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"ஒரு பொம்பளை மூஞ்சி கழுவி விட்டாடீ. அவளுக்கும் பிள்ளை தங்கலையாம்."

"என்ன பாஷைக்கா பேசினாங்க?"

"தெரியல. புரிஞ்சுச்சு."

எலுமிச்சை மரங்கள் வரிசையாக நின்றன, மூன்று படி இறங்கினால் செங்கல் மேடை, ஊற்று மேலிருந்து விழுந்தது என்றார். அங்கே இப்போது அப்படி எதுவுமே கிடையாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டைத் திறந்து, "படி எவ்வளவு அகலம்க்கா? ஊற்று எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அத்தனை மாதம் கழித்து ஒரு தாய் அழுகிறாள், நான் படியின் அகலம் கேட்கிறேன்.

அக்கா தலைத்துணி நுனியைப் பிழிந்தார். "அவ பாப்பா பேரைக் கேட்டா. மனசுல வெச்சிருந்ததைச் சொன்னேன். உங்க அண்ணனுக்குக்கூட இன்னும் சொல்லல."

நோட்டை மூடினேன்.

மறுவாரம் நான் தனியாகப் போனேன். குளத்தில் தண்ணீர் விட்டிருந்தார்கள், சுற்றி யாருமில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் குனிந்து, சத்தமே வராமல், உதடு மட்டும் அசைய, "அந்தப் பாப்பா பேர் என்ன?" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. என்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே போனதை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது அக்கா தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏன்டீ அவகிட்டப் போய்க் கேட்டே? எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

அதன் பிறகு எத்தனையோ தடவை அந்த வாசலைக் கடந்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.