கிணறு ஊறக் காத்திருந்த ஒரு மணி நேரம்

மயோன் எரிமலையடியில் எங்கள் ஊர்க் கிணற்றை அளப்பவர் ரெமிஜியா. காய்கறி விற்பவர், ஊருக்கே மனாய், அதாவது மூத்த அக்கா. தினமும் காலையில் யாரும் வாளி இறக்குவதற்கு முன்பே குண்டு கட்டிய டேப்பை விட்டுப் பார்த்து, எரிமலை ஆபீசுக்குப் போனில் ஆழத்தைச் சொல்லிவிடுவார். மலை பொங்குவதற்கு முன் சில சமயம் கிணறு உள்வாங்கும்.

திருவிழாவுக்கு முந்தின காலை தண்ணீர் ஒன்றரை மீட்டர் இறங்கியிருந்தது. வாரம் முழுக்கப் பெய்த மழைக்கு அது ஏறியிருக்க வேண்டும். சொன்னால் ஊரே வெளியேற வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி வெளியேறி, மலை சும்மா இருந்ததில், ஊர் அவரைப் பேசாத பேச்சில்லை.

"எவனாச்சும் மோட்டார் போட்டீங்களா?" என்றார்.

விருந்துப் பன்றியை அறுத்துக் கழுவ நான்தான் போட்டிருந்தேன். அளந்து முடிக்குமுன் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தெரியும். திருவிழா அவசரம்.

"நாந்தான் மனாய். பன்னி கழுவ, அர மணி நேரம்."

"பன்னிய கழுவுனியா, குளிப்பாட்டி பவுடர் போட்டியா? நீ எடுத்ததுன்னா ஒரு மணி நேரத்துல ஊறிடும். உக்காரு."

உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரமும் என் பன்றிதான் காரணமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுபடி டேப்பை விட்டார். தண்ணீர் ஏறவில்லை, இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தது.

"மனாய், இந்தத் தடவையும் ஒண்ணும் ஆகலேன்னா?"

"ஏசுவாங்க. ஏசுறதுக்கு உசுரோட இருக்கட்டும். நீ போய்ப் புள்ளைங்கள வண்டியில ஏத்து," என்று போனை எடுத்தார்.