கடலில் மிதந்த கல்யாணப் பை

என் கல்யாணத்தில் நான் பிடிவாதம் பிடித்தது இரண்டே விஷயத்துக்கு. ஒன்று, வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கிற பை பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். இன்னொன்று, மாப்பிள்ளை என்னைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த இரண்டும் ஒரே நாளில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது!

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாளையங்கோட்டையில் அப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சுக்கடை. அதுவரைக்கும் கல்யாண வீடுகளில் மஞ்சள் துணிப்பையில்தான் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் பளபளவென்று பிளாஸ்டிக் பை வந்து இறங்கியது. அதில் பச்சை மையில் மணமக்கள் பெயரை அடித்துக் கொடுத்தோம். கடையில் கூட்டம் நெரித்தது. "கெணத்துல போட்டாலும் மை அழியாது அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லியே அப்பா விற்றார். ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்த மனுஷர், சொந்த மகள் கல்யாணத்துக்கு மட்டும் துணிப்பை போதும் என்றார். எனக்கு வந்ததே கோபம்! "அச்சுக்கடைக்காரர் மகளுக்குத் துணிப்பையா? நாலு பேரு சிரிக்க மாட்டாவளா?" என்று இரண்டு வேளை சோறு தின்னாமல் கிடந்தேன். மூன்றாவது வேளைக்கு அப்பா இறங்கி வந்தார். ஆயிரம் பை அடித்தோம். எங்கள் இரண்டு பேர் பெயரும் கொட்டை எழுத்தில், நடுவில் ஒரு ஜோடிப் புறா. புறாவை நான்தான் வரைந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் கோழி என்றார்கள்.

மாப்பிள்ளை கடற்கரைக்காரர். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே அவர் ஊர். எஞ்சின் வைத்த மீன்பிடி வள்ளம் ஒன்று சொந்தமாக இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, "ஒனக்கு ஏதும் கேக்கணுமா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "என்னைக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போவீயளா? கரை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு?" என்றேன். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். "கூட்டிட்டுப் போனாப் போச்சு" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சரி என்று தலையாட்டினேன்.

பொங்கல் கழிந்து கல்யாணம், ஆற்றங்கரை மண்டபத்தில் விருந்து. மூன்று வாரம் சென்று நான் கடல் பேச்சை எடுத்தபோதுதான் மாமியார் குறுக்கே வந்து நின்றார். அந்த ஊரில் மாமியாரை மாமி என்றுதான் கூப்பிடுவது. மாமனார் தவறிப் பத்து வருஷம். கரையில் இறங்குகிற மீனைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஏரல் வரைக்கும் கொண்டுபோய் விற்று, இரண்டு பையன்களை ஆளாக்கியவர் மாமி. அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"பொம்பளை ஏறுனா வள்ளத்துக்கு மீன் வராது" என்றார்.

"அதெல்லாம் சும்மா சொல்லுதது மாமி" என்றேன் நான். வாய் சும்மா இருந்தால்தானே!

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாதா படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "ஒரே ஒரு தடவை போ. மீனோட வந்தீன்னா அடுத்தும் போவலாம், நான் வாயத் தொறக்க மாட்டேன். வெறும் வள்ளமா வந்தா, சாவுத வரைக்கும் அந்த வள்ளத்துல நீ கால் வைக்கக்கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். அன்றைக்கு இருந்த குஷியில் எதை நீட்டினாலும் சத்தியம் பண்ணியிருப்பேன்.

விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். வீட்டுக்காரர், அவர் தம்பி, நான். கொழுந்தனுக்கு என்னைவிட இரண்டு வயசு குறைவு, வாய் மட்டும் எழுபது வயசுக்காரன் வாய். அலையைத் தாண்டின உடனே எனக்குத் தலை சுற்றி, குடித்த காப்பி வெளியே வந்துவிட்டது. "நல்லது மதினி, இரையை நீங்களே போட்டுட்டீய" என்றான். சிரிப்பதா வாந்தி எடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். கொஞ்ச நேரத்தில் வயிறு அடங்கியது. அதன்பிறகு எனக்குப் பிடித்த பைத்தியத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பாடினேன். சத்தம் போட்டேன். பறக்கிற மீனைப் பார்த்துக் கை தட்டினேன். திருச்செந்தூர்க் கோபுரம் விரல் உயரத்துக்குச் சிறுத்து, அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. சுற்றிலும் கரை இல்லை! வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்திருப்பேன், கொழுந்தன் இருந்ததால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டேன், கை சுட்டுவிட்டது.

இன்னும் ஒரு மணி நேரம் ஓடின பிறகு எஞ்சினை நிறுத்தினார். "இங்கனதான் மீன் நிக்கும். ரெண்டு பக்கத்துத் தண்ணியும் வந்து முட்டுத இடம். அசையாம இரு, சத்தம் போடாத."

பார்த்தால், ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், மறுபக்கம் நீலத் தண்ணீர். நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு நுரையும் குப்பையும் கோடாக நீண்டு போகிறது. வடக்கேயும் முடிவு தெரியவில்லை, தெற்கேயும் தெரியவில்லை. மனுஷர் யாருமே இல்லாத அந்த இடத்தில் எத்தனை ஒற்றைச் செருப்பு! அறுந்த வலை, ஷாம்பு பாக்கெட், தெர்மோகோல், சிங்கள எழுத்துப் போட்ட சோப்பு உறை, ஆஸ்பத்திரி டியூப். கல்லிடைக்குறிச்சி அப்பளக் கவர் ஒன்று, நேற்றுத்தான் பிரித்துப் பொரித்த மாதிரி மிதந்தது. எங்கள் ஊர் ஜங்ஷன் அல்வாக் கவர்கள் கூட்டமாக வந்தன. எனக்கு அருவருப்பு வரவில்லை, உண்மையைச் சொன்னால் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. "ஏங்க, இது நம்ம ஊருக் கவரு!" என்று கத்தினேன். "சத்தம் போடாதன்னேம்லா" என்றார்.

கீழே பார்க்கச் சொன்னார். அறுந்த வலையும் தெர்மோகோலும் சிக்கிப் பெரிய பாய் அளவுக்கு மிதந்ததற்கு அடியில் பாறை மீன்கள் நின்றன. முழங்கை நீளம் ஒவ்வொன்றும். முப்பது நாற்பது இருக்கும். நிழல் விழுகிற இடத்தில் மீன் ஒதுங்கும் என்றும், முன்பெல்லாம் அதற்காகவே பனையோலையை வெட்டிக் கட்டி மிதக்க விடுவார்கள் என்றும், இப்போது அந்த வேலையைக் குப்பையே பார்த்துக்கொள்கிறது என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே தூண்டிலில் கணவாய் மீன் துண்டைக் கோத்தார்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். பச்சை எழுத்து. ஒரு ஜோடிக் கோழி.

"ஏங்க! நம்ம பை! நம்ம கல்யாணப் பை!"

எட்டிப் பிடித்துத் தூக்கினேன். அவர் பெயரும் என் பெயரும், ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. அப்பா சொன்னது சத்தியம். எனக்கு ஒரே குதூகலம். நடுக்கடலில் நம் பெயர்! அடுத்த நொடி இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் மூன்று. ஒன்றுக்குள் நண்டுக்குஞ்சு ஒன்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மண்டபத்தில் தேங்காயை எடுத்துக்கொண்டு பையை ஆற்றில் விட்டிருக்கிறார்கள், ஆறு கொண்டுவந்து இங்கே கொட்டியிருக்கிறது. என் குதூகலம் அப்படியே வெட்கமாகத் திரும்பியது. துணிப்பை போதும் என்ற அப்பாவிடம் சோறு தின்னாமல் சண்டை போட்டு வாங்கின பை இது. "நம்ம பேரு இங்கன அசிங்கமாக் கெடக்கே" என்று சொல்லிக்கொண்டே மீன் அள்ளுகிற கைவலையை எடுத்து வாரத் தொடங்கினேன்.

முதலில் கொழுந்தன் கேலிக்குத்தான் கூட வந்தான். "அண்ணே, அந்தா நீரு போறீரு! பிடியும்! பிடியும்!" என்று அவர் பெயர் போட்ட பையைக் காட்டிக் கத்தினான். அவருக்கும் தன் பெயர் கண்ணில் பட்டுவிட்டது. தூண்டிலை வைத்துவிட்டு மனுஷரும் குனிந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் பை, ஊரார் பை என்று பார்க்கவில்லை. மூன்று பேரும் சிரித்துச் சிரித்து அள்ளினோம். செருப்புக்கு ஜோடி தேடினோம். யார் அதிகம் அள்ளினது என்று சண்டை போட்டோம். கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து "ஏலேலோ" என்று அந்தப் பெரிய வலைச் சிக்கலையே இழுத்து வள்ளத்துக்குள் போட்டோம். முழங்கால் முட்டு வரைக்கும் குப்பை. நான் ஜெயித்தவள் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன்.

அவர்தான் முதலில் எட்டிப் பார்த்தார். "மீனு எங்க?"

கீழே வெறும் நீலம்.

 கொழுந்தன் மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தான். நிழலை நாங்களே சுருட்டி வள்ளத்துக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறோம், மீன் எப்படி நிற்கும்? இரண்டு மணி நேரம் தூண்டில் போட்டுப் பார்த்தோம். ஒன்று கடிக்கவில்லை. அந்தக் குப்பைக் கோட்டைத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் அள்ளின இடமே தெரியவில்லை, மூடிக்கொண்டுவிட்டது. கையில் பிடித்தால் சில கவர்கள் பொடிப்பொடியாக உதிர்ந்து தண்ணீரோடு போயின. அதை எந்த வலையை வைத்து அள்ளுவது? மாதா முன்னால் பண்ணின சத்தியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இனி சாகும்வரைக்கும் இந்த நீலத்தைக் கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். பொங்கிப் பொங்கி அழுதேன். "அழாத. எஞ்சின் மக்கர் பண்ணிட்டுன்னு சொல்லிக்கிடுவோம்" என்றார் அவர். மூக்கைச் சிந்திக்கொண்டே சரி என்றேன்.

கரையில் ஊரே நின்றது. வள்ளத்தைப் பார்த்ததும் ஒருத்தி "மீன் என்ன வெலை வே?" என்று கேட்க, சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது. குப்பையை இறக்கினோம். எங்கே கொண்டு போடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கரையிலிருந்த வலைக் கொட்டகைக்குப் பின்னால் குவித்தோம். குவித்துக்கொண்டிருக்கும்போதே காற்றில் நாலு கவர் எழும்பித் திரும்பக் கடலுக்குப் போனது. கொழுந்தன் அதன் பின்னாலேயே ஓடினான்.

மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் காலிக் கூடை. "மீனு?"

"எஞ்சின் மக்கர் பண்ணி..." என்று வீட்டுக்காரர் தொடங்கினார்.

மாமி கேட்கவில்லை. குனிந்து ஒரு பையை எடுத்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "இது அந்தக் கோழிப் பை இல்லா?" என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு மாமி. மீனு நின்னுது. நாந்தான் குப்பையை அள்ளி வெரட்டிப்போட்டேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"மீன் வந்துதா?"

"வந்துது மாமி."

"நீ வள்ளத்துல இருக்கும்போதேவா?"

"நான் நின்ன இடத்துக்குக் கீழதான் நின்னுது. நாப்பது பாறை மீனு இருக்கும்."

மாமி கூடையை மணலில் வைத்தார். "கடலுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லி ஒங்க மாமாகிட்ட நானும் கேட்டேன், கல்யாணமான புதுசுல. பொம்பளை ஏறுனா மீன் வராதுன்னுட்டாரு. முப்பது வருசமா நானும் அதையேல்லா சொல்லிட்டு அலையுதேன்."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கத்தில் நெருங்கி வந்தார்கள்.

"ஏளா, உசுரோட நீந்தும்போது பாறை என்ன நெறமா இருந்துச்சு?" என்று கேட்டார்.

 இத்தனை வருஷமாகக் கூடை கூடையாகச் சுமந்த மீன். அவர் பார்த்ததெல்லாம் வாய் பிளந்து கிடந்ததைத்தான். "முதுகு பச்சை மாமி" என்றேன். "திரும்பும்போது வெள்ளி. வாலு மஞ்ச, அந்த மஞ்ச என்னமா மின்னுச்சு தெரியுமா!" சொல்லச் சொல்ல எனக்கும் அழுகை, மாமிக்கும் கண் கலங்கிவிட்டது.

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். "நாளைக்கு நான் ஏறுதேன்."

"எம்மா, ஊரு என்ன சொல்லும்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஊரு கெடக்குலே." பிறகு என் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார். "நீயும் வா. சத்தியத்தைப் பத்தி மாதாகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா நான் பாத்து முடிக்கித வரைக்கும் ஒரு கவர்ல கை வைக்கக்கூடாது, ஆமா. பெறவு ரெண்டு பேருமாச் சேந்து அள்ளுவோம்."